பாதிச் சாபம்

ஸ்காட்லாந்தின் கீழைக் கரையில் இன்வர்கார்ன் என்று ஓர் ஊர். கடல் தினமும் இரண்டு முறை தெருமுனை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரே நேரத்தில் மூன்று பாப்பரசர்கள் இருந்துகொண்டு ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட காலம் முடிந்து, அரசர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குத்துப்பட்டுச் சாகிற காலம் தொடங்கியிருந்தபோது, அந்த ஊருக்கு உப்புக் காய்ச்சுகிறவர் மகன் நினியன் ஆயராக இருந்தார்.

அவருடைய அப்பா கடல்நீரை இரும்புக் கொப்பரையில் ஊற்றி, கரி எரித்துக் காய்ச்சி, வெந்த கையும் சிவந்த கண்ணுமாகவே வாழ்ந்து முடித்தவர். மகனுக்கோ ஒரு முறை காதில் விழுந்த வார்த்தை மறுபடி வெளியே போகாது. பூசையில் கேட்ட லத்தீனைக் கொப்பரைப் பக்கம் உட்கார்ந்து அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தவனைக் கடற்பாறைக் கோட்டையின் பழைய பிரபு குதிரையில் போகும்போது கேட்டார். கேட்டவர் அவனைத் தூக்கித் தனக்கு முன்னால் உட்காரவைத்து மடாலயப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அந்தக் குதிரையில் ஏறினவன் பிறகு இறங்கவே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். மடாலயத்திலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ், அங்கிருந்து பாரிஸ், பாரிஸில் சட்டம் படித்துத் திரும்பி அரசருடைய முத்திரைக்காரர், ஆல்ப்ஸ் பனியைத் தாண்டி இரண்டு முறை ரோமாபுரி, இங்கிலாந்துக்காரர்களோடு எல்லையில் உட்கார்ந்து மூன்று சமாதானங்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் தனக்குத்தான் வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு வார்த்தையைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் அந்த நாட்டில் இல்லை. “பின்வாங்குதல்” என்று ஒருவனுக்கும் “வீடு திரும்புதல்” என்று இன்னொருவனுக்கும் அர்த்தமாகிற லத்தீன் சொல் ஒன்றை வைத்தே ஒரு போரை நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பரிசாகத்தான் அவர் பிறந்த ஊரையே அவருக்கு ஆயர்ப் பட்டமாகக் கொடுத்தார்கள். கடல் காற்று முகத்தில் அடிக்க, தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் ஊருக்குள் நுழைந்தபோது, உப்புக்காரர்கள் எல்லோரும் கொப்பரையை விட்டு வந்து மண்டியிட்டார்கள். அவருடைய அக்கா எல்ஸ்பெத் மட்டும் நின்றபடியே, “இளைச்சுப் போயிட்டே தம்பி” என்றாள். அன்றையிலிருந்து ஆயர் மாளிகையின் அடுக்களை அவள் கைக்குப் போனது.

பிறகு அரசர் ஒருவர் செத்தார். வாரிசு தொட்டிலில் கிடந்தது. நாட்டை லக்லான் பிரபு ஆண்டார்.

லக்லான் பிரபு கெட்டிக்காரர், பொறுமை கிடையாது. இன்வர்கார்ன் துறைமுகத்தின் வாயில், கடல் இறங்கும்போது மட்டும் மணல் வழியாக நடந்துபோகக்கூடிய பாறை மேல் நிற்கிறதே கடற்பாறைக் கோட்டை, அது அவருக்கு வேண்டும். கோட்டையில் பழைய பிரபுவின் ஒரே மகள் மரியோட்டா இருந்தாள்; கணவன் போரில் செத்துவிட்டான். என் தம்பியைக் கட்டிக்கொண்டு கோட்டையைக் கொடு என்று லக்லான் ஆள் அனுப்பினார். அவள் மாட்டேன் என்றாள். விதவை மேல் படை நடத்தினால் மற்ற பிரபுக்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் திருச்சபைக்குப் புறம்பானவள் மேல் யார் வேண்டுமானாலும் படை நடத்தலாம். ஆகவே கோவில் நிலத்தை அவள் பிடித்துவைத்திருக்கிறாள் என்று ஒரு குற்றச்சாட்டு பிறந்தது. அது பொய் என்று நினியனுக்குத் தெரியும். அந்த நிலத்தின் எல்லைக் கல்லில் அவர் சின்ன வயதில் உட்கார்ந்து மீன் தின்றிருக்கிறார்.

“சாபத்தைப் போடும், ஆயரே. நாட்டின் பெரிய முத்திரையும் அதோடு வரும் முதலமைச்சர் பதவியும் உமக்காகக் காத்திருக்கின்றன,” என்று லக்லான் சொல்லியனுப்பினார்.

நினியன் பல நாள் மாளிகைக்குள் முன்னும் பின்னும் நடந்தார். இரண்டு பேருக்கும் வலிக்காத வார்த்தை ஒன்றைத் தேடித் தேடி நடந்தார். சாபத்துக்கு மட்டும் அப்படி ஒரு வார்த்தை லத்தீனில் இல்லை. கடைசியில், இன்றைக்குப் போட்டால் நாளைக்கு எடுத்துவிடலாம், முத்திரை கையில் வந்த பிறகு அவளுக்கு நல்லது செய்யலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, உயிர்ப்புத் திருநாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராலயத்தில் பன்னிரண்டு குருக்களை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொருவர் கையிலும் எரிகிற மெழுகுதிரி. பதின்மூன்றாவது அவர் கையில். மணி அடித்தது. சாவுக்கு அடிக்கிற மணி. உண்ணும்போதும் உறங்கும்போதும் நிற்கும்போதும் நடக்கும்போதும் சபிக்கப்பட்டவளாக இருப்பாளாக, அவளோடு உண்பவனும் பேசுபவனும் அவளோடேயே எண்ணப்படுவானாக, இந்த வெளிச்சங்கள் சாவதுபோல ஒளியின் நாட்டில் அவள் பங்கும் சாவதாக என்று அவர் வாசித்து முடித்துப் புத்தகத்தை அறைந்து மூடினார். பதின்மூன்று திரிகளும் கல் தரையில் விழுந்தன. பன்னிரண்டு அணைந்தன.

ஆயருடையது அணையவில்லை.

படுத்துக் கிடந்த திரியின் நுனியில் சுடர் நிமிர்ந்து நின்று எரிந்தது. அவர் காலால் மிதித்தார். ரோமாபுரியில் தைத்த பட்டுச் செருப்பு கருகி நாறியது. கோவில்பிள்ளை ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார். தண்ணீர், பெரியவர் ஒருவர் வழியில் உட்கார்ந்திருந்தால் எப்படி ஒதுங்கிப் போவோமோ அப்படி ஒதுங்கி ஓடியது. ஈரச் சாக்கைப் போட்டார்கள், சாக்கு காய்ந்தது. மெழுகும் குறையவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வீட்டில் உலை வைத்தது நினைவுக்கு வந்து கலைந்து போனார்கள்.

“குத்பெர்ட், சட்டம் என்ன சொல்கிறது?” என்று நினியன் கேட்டார்.

குத்பெர்ட் பேராலயத்தின் சட்டம் அறிந்த குரு, ஒல்லியான மனிதர், எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டார். “திரி அணைந்தால்தான் தீர்ப்பு முடியும், ஆண்டகை. சொன்ன வார்த்தையையும் எடுக்க முடியாது. அந்த அம்மாள் இப்போது வாசற்படியில் நிற்கிறாள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.”

“அப்படியானால் ஜனங்கள் அவளோடு பேசலாமா?”

“பாதி பேசலாம் என்று நினைக்கிறேன்.”

குத்பெர்ட் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஊரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டை ஆட்கள் கடைத்தெருவுக்கு வந்தால் ரொட்டிக்காரி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், நான் கொடுக்கவில்லை, அவர்கள் எடுத்தார்கள், பாதிதான் பாவம் என்பாள். எதிரே வந்தால் “ஆண்டவர்” என்று தொடங்கி “உம்மோடு இருப்பாராக” என்பதை விழுங்கிவிடுவார்கள். அம்பட்டன் கோட்டைக் காவல்காரனுக்கு ஒரு கன்னம் மட்டும் மழித்து அனுப்பினான்; அவன் குளிர்காலம் வரைக்கும் அப்படியேதான் திரிந்தான். மீனவர்கள் மீன் தலையை வெட்டி வைத்துக்கொண்டு முண்டத்தை மட்டும் விற்றார்கள். கோட்டைச் சமையற்காரிக்குப் பெண் பிறந்தது; யூஃபேமியா என்று பெயர் வைக்கக் கொண்டுவந்தார்கள்; பங்குக் குரு தண்ணீரை ஊற்றி “யூஃபே” என்று சொல்லிவிட்டு, ஆயர் மாளிகைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டார். குழந்தை பாதிப் பெயரோடு திரும்பிப் போனது. பழைய பிரபு காலத்துக் காரியக்காரர் கோட்டையில் இறந்துபோனார். அவரை மந்திரித்த மண்ணில் புதைக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. குழி இடுப்பளவு வெட்டப்பட்டு அப்படியே கிடந்தது. மரியோட்டா அவரை உப்புப் பீப்பாயில் வைத்துக் காத்திருந்தாள்.

திரி பேராலயத்தின் நடுவில் கிடந்தது. முதலில் சுற்றிப் போனார்கள், அப்புறம் தாண்டிப் போனார்கள், அப்புறம் குளிருக்கு அதன் பக்கம் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். கோவில்பிள்ளையின் நாய் அதற்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கியது. அம்மாக்கள் ஈரத் துணியைக் காயவைத்தார்கள். ஊரில் ஒரு சொலவடையும் பிறந்துவிட்டது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற பெண்ணை, “அவள் ஆயர் திரியாக இருக்கிறாள்” என்றார்கள். மழை வருவதுபோல் வந்து வராமல் நின்றால், “வானம் ஆயர் திரி போட்டிருக்கிறது” என்றார்கள். நினியன் ஒரு நாள் மாளிகைச் சன்னலில் நின்றபோது கீழே இரண்டு உப்புக்காரர்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. “அவனை நம்பாதே. ஆயர் திரி அவன். படுத்துக்கிட்டே எரிவான்.” அவர் சன்னலை மூடினார். காதில் விழுந்த வார்த்தை அவருக்கு வெளியே போகாதே. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

“கஞ்சியை வெச்சிட்டுப் போயிருக்கே,” என்றாள் எல்ஸ்பெத்.

“பசியில்லை அக்கா.”

“உனக்குப் பசியில்லாம இருக்கலாம். அங்கே பாறை மேல இருக்கிறவளுக்கு முண்டம் மீனைத் தின்னு தின்னு அலுத்துப்போயிருக்கும். நீ செஞ்சது சரியா தப்பா, ஒண்ணைச் சொல்லுடா.”

“அது அவ்வளவு எளிதில்லை.”

“கொப்பரையில தண்ணி கொதிக்குதா இல்லையான்னு கேட்டா நம்ம அப்பா அப்படிச் சொல்லமாட்டார்,” என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அறுவடை முடிந்து காற்று வடக்கே திரும்பியபோது, ஊரார் தெற்குச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் தூசி தெரிந்தது. அப்புறம் ஈட்டிமுனைகள். லக்லான் பிரபு கரையோர ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் திரட்டி, இன்வர்கார்ன் மணலில் பாளையம் இறக்கிவிட்டு, சேறு படிந்த சவாரிச் செருப்போடு நேராகப் பேராலயத்துக்குள் வந்தார். திரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்ந்தார்.

“நல்ல திரி. உம்முடைய வேலை எல்லாமே இப்படி நேர்த்தியாகத்தான் இருக்கும், ஆயரே.”

“பிரபுவே, ரோமாபுரிக்கு விளக்கம் கேட்டு...”

“ரோமாபுரி தூரம். கோட்டை பக்கம். ஏற்றிவைத்தவர் நீர், அணைக்க வேண்டியவரும் நீர். நாளை கடல் இறங்கி மணல் தெரிகிறபோது இது அணைந்திருக்க வேண்டும்.” எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். “இல்லையென்றால் நீர் அவள் பக்கம் என்று எடுத்துக்கொள்வேன். வரும் வழியில் உப்புக் கொட்டகைகளைப் பார்த்தேன். கொப்பரை உடைந்த உப்புக்காரன் குளிர்காலத்தைத் தாண்டுவானா? உமக்குத்தான் தெரியும், நீர் அந்தச் சாதிதானே.”

அவர் போன பிறகு குத்பெர்ட் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். “ஒரு வழி இருக்கிறது, ஆண்டகை. அந்த அம்மாளை நேரில் கேட்காமலே தீர்ப்புச் சொன்னோம். நேரில் இல்லாதவள் மேல் போட்ட சாபம் இறங்க இடமில்லாமல் நிற்கிறது என்று வாதிடலாம். இதே திரியை எடுத்துக்கொண்டுபோய் அவள் முகத்துக்கு எதிரே சொல்லி, அவள் வாசற்படியில் எறிந்தால் அணையும்.”

“அணையுமா?”

“சட்டப்படி அணைய வேண்டும்.”

மறுநாள் முற்பகலில் கடல் இறங்கியது. கரைக்கும் பாறைக்கும் நடுவே ஈர மணல் முதுகு தூக்கியது. திரி தரையை விட்டு வராது என்றுதான் ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. நினியன் குனிந்து எடுத்தார். வந்துவிட்டது, எந்த மெழுகுதிரியும் வருவதுபோல. அவர் பட்டத்து அங்கியோடு தெரு வழியாக நடந்தபோது ஜனங்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஈட்டிக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். லக்லான் பிரபு குதிரை மேல் இருந்தபடி தலையசைத்தார். மணலில் இறங்கியதும் காற்று அங்கியைப் பிடுங்கியது, தொப்பியைக் கொண்டுபோனது, சுடர் அசையவில்லை. பின்னால் சளக் சளக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினார். எல்ஸ்பெத் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“நீ எதற்கு அக்கா?”

“தண்ணியில கால் மரத்துப்போகும். பிடிச்சுக்க ஆள் வேணும்ல.”

கோட்டைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சாபத்தின் வார்த்தைகள் வரிசையாக நாக்கில் நின்றன. கொப்பரைகள் கண்ணில் நின்றன. கொஞ்சம் தள்ளி முத்திரையும் நின்றது, அதையும் அவர் பார்க்காமல் இல்லை.

கதவை மரியோட்டாவே திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்; கையெல்லாம் மீன் செதில். அவரையும் திரியையும் ஒரு முறை பார்த்தாள்.

“இங்கே நின்று சொன்னால் அலைச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்கும், ஆண்டகை. பாதி எனக்கு அலுத்துவிட்டது. உள்ளே வந்து முழுசாகச் சொல்லுங்கள்.”

பெரிய கூடத்தில் நீள மேசையில் வாற்கோதுமைக் கஞ்சியும் அவித்த மீனும் ரொட்டியும் இருந்தன. அவளைவிட்டுப் போகாத ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். ஒரு கன்னத்தில் தாடியோடு காவல்காரன், பாதிப் பெயருள்ள குழந்தையைத் தோளில் போட்டபடி சமையற்காரி. நினியன் திரியை உயர்த்தி வாயைத் திறந்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்கு வார்த்தை வரவில்லை. வந்தது வேறு பேச்சு.

“அம்மணி, ஒரு வழி இருக்கிறது. கோட்டையைக் கொடுக்காமலே கொடுத்ததுபோல் ஒரு சொல் இருக்கிறது. அவரும் திருப்தியாகப் போவார், நீங்களும்...”

“அந்தப் பீப்பாயைப் பாருங்கள்,” என்றாள் மரியோட்டா. மூலையில் இருந்தது. “அதில் இருப்பவர் மடியில் உட்கார்ந்துதான் நான் வளர்ந்தேன். உங்களை என் அப்பா குதிரையில் ஏற்றியபோது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். புதைக்கவும் விடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் குழந்தையைக் கேளுங்கள், உன் பெயர் என்னவென்று. நீங்கள் சொல்கிற இரட்டை வார்த்தைக்கு நடுவில் ஒரு சந்து இருக்கிறது, ஆண்டகை. அந்தச் சந்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.”

அவர் உயர்த்திய திரியை இறக்கினார். “நான் என்ன செய்யட்டும்?”

“ஒன்றும் செய்யமாட்டீர்கள். எனக்குத் தெரியும்.” அவள் குனிந்தாள். “சாபம் என்றால் முழுச் சாபமாகவே இருக்கட்டும்.”

உதட்டைக் குவித்து ஊதினாள். சுடர் அணைந்தது. ஒரு கோடு புகை எழுந்து உத்தரத்துக்குப் போனது.

மரியோட்டா மேசையில் போய் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். “இப்போது நான் முழுசாகப் புறம்பு. இந்தப் பலகையில் உட்கார்ந்து தின்கிறவரும் புறம்பு. கடல் ஏறுவதற்கு நேரம் இருக்கிறது. திரும்பிப் போங்கள், உங்களுக்கு வேண்டியதெல்லாம் கரையில் இருக்கிறது.”

அவளுடைய ஆட்களே ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். காவல்காரன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். இத்தனை மாதமும் அவளோடு பாதியில் நின்றவர்களுக்கு முழுசில் நிற்கப் பயமாக இருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நரகம் என்பது அவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி உண்மையான இடம். நினியனுக்கும் அப்படித்தான். எரிகிற கந்தகமும் முடிவில்லாத காலமும் உண்டென்று அவர் மனதார நம்பினார். எத்தனை பேருக்கு அதை விவரித்திருக்கிறார்! அவள் தனியாக மென்றுகொண்டிருந்த சத்தம் அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. தொண்டையில் இறங்க மறுத்த ரொட்டியை அவள் தண்ணீர் குடித்து இறக்குவதை அவர் பார்த்தார். குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அவர் அணைந்த திரியைத் தரையில் வைத்தார். நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொட்டியை எடுத்துக் கஞ்சியில் தோய்த்து வாயில் போட்டார். உப்பு தூக்கலாக இருந்தது. பல மாதத்துக்கு அப்புறம் அவருக்குப் பசித்தது.

“தள்ளி உட்காருடா, எனக்கும் இடம் வேணும்,” என்றாள் எல்ஸ்பெத்.

அப்புறம் சமையற்காரி வந்தாள். அப்புறம் காவல்காரன். நினியன் குவளைத் தண்ணீரை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் ஊற்றி, “யூஃபேமியா” என்று முழுப் பெயரையும் சொன்னார். ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு, சபிக்கப்பட்டவனுக்கும்கூட. அந்தச் சட்டம் அவருக்குத் தெரியும்.

பிறகு அவர் கோட்டை மதில்மேல் ஏறினார். கரையில் படை நின்றது, அதன் பின்னால் ஊர் நின்றது. லத்தீனில் இல்லை, உப்புக் கொட்டகைப் பேச்சிலேயே கத்தினார்.

“திரி அணைஞ்சிருச்சு! இவ புறம்பு! இவளோட நான் சாப்பிட்டேன், நானும் புறம்பு! இவ மேல சொன்னது பொய்! சொன்னவன் நான்! பிடிக்க வர்றவன் என்னையும் சேர்த்துப் பிடி!”

காற்று அதைக் கரைக்குக் கொண்டுபோனது. லக்லான் பிரபு வாளை உருவி மணலைக் காட்டினார். ஈட்டிகள் சாய்ந்தன. அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ரொட்டிக்காரி, கக்கத்தில் நாலு ரொட்டியோடு, படைக்குக் குறுக்கே நடந்து மணலில் இறங்கினாள். எங்கே போகிறாய் என்று ஓர் ஈட்டிக்காரன் கேட்டான். “எல்ஸ்பெத்து உள்ள இருக்கா. மாசக்கணக்கா முதுகைக் காட்டி முதுகு வலிக்குது எனக்கு,” என்றாள். அவளுக்குப் பின்னால் அம்பட்டன் கத்தியோடு இறங்கினான். மீனவர்கள் தலையோடு கூடிய மீன்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உப்புக்காரர்கள் இறங்கினார்கள். கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. கணுக்கால் தண்ணீரில் ஒரு ஊரே கஞ்சிப் பானையும் கைக்குழந்தையுமாகப் பாறைக்குப் போனது. படையில் பாதிப் பேருக்கு அந்தக் கூட்டத்தில் அத்தையோ மாமனோ இருந்தார்கள். படைத்தலைவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

“பிரபுவே, ஒரு பொம்பளையைப் பிடிக்க வந்தோம். ஊரையா பிடிக்கச் சொல்றீங்க?”

லக்லான் பதில் சொல்வதற்குள் மணல் மூழ்கிவிட்டது.

அவர் சும்மா போகவில்லை. இருந்த கொப்பரை அத்தனையையும் சம்மட்டியால் உடைத்து, கொட்டகைகளுக்குத் தீ வைத்துவிட்டுத்தான் போனார். அந்தக் குளிர்காலம் கொடியது. கோட்டைக் களஞ்சியத்தை மரியோட்டா திறந்துவிட்டாள். அப்படியும் கிழவர்கள் சிலர் வசந்தத்தைப் பார்க்கவில்லை. காரியக்காரரோடு சேர்த்து அவர்களையும் பாறையிலேயே, மந்திரிக்காத மண்ணில் புதைத்தார்கள். நினியன் ஒவ்வொரு குழிக்கும் நின்றார். ஒவ்வொருவர் சாவிலும் தன் பங்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அதை யாரிடமும் குறைத்துச் சொல்லவில்லை.

சாபமோ ரொட்டி போகிற வழியெல்லாம் போயிற்று. இன்வர்கார்ன்காரரோடு சாப்பிட்ட பக்கத்து ஊர்க்காரன் புறம்பு, அவனோடு சாப்பிட்ட சந்தை வியாபாரி புறம்பு, அவன் கொழுந்தியாள் வீட்டு விருந்துக்கு வந்த மடாலயத்துச் சமையற்காரர் புறம்பு என்று குத்பெர்ட் கண்ணை மூடி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். தவக்காலத்துக்கு முன்பே அது மலை தாண்டி எடின்பரோவுக்குப் போய், லக்லான் பிரபுவின் சொந்த மேசையில் ஏறிவிட்டது என்று அவர் கணித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. வசந்தத்தில் மற்ற பிரபுக்கள் லக்லானை ஒரு மாடிப்படியில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். அது சாபத்தாலா, அந்தக் காலத்து வழக்கத்தாலா என்று ஊர் விசாரிக்கவில்லை.

ரோமாபுரி நினியனின் பட்டத்தைப் பறித்தது. புது ஆயர் தெற்கிலிருந்து வந்தார், இளவயது, நல்ல மனிதர்தான். வந்து இறங்கினால் வரவேற்க மாலை பிடிக்கவோ மணி அடிக்கவோ ஊரில் சபைக்குள் இருக்கிற ஆள் ஒருவருமில்லை. அவரே குதிரையைக் கட்டிவிட்டு, பேராலய வாசலில் கோலோடு நின்றார். ஒவ்வொருவராக வந்து மண்டியிட வேண்டும். மனம் வருந்துகிறாயா என்று அவர் கேட்பார். வருந்துகிறேன் என்றால் கோலால் தோளைத் தொட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போவார். முதலில் மரியோட்டா வந்தாள். அவள் மேல் குற்றமே இல்லையென்று ரோமாபுரியே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் அவளிடம் எதையும் கேட்காமலே உள்ளே விட்டார். பிறகு ஊர் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பசியோடு இருந்தவர்கள், பிள்ளைகளுக்குப் பூசையும் கல்லறையும் வேண்டியவர்கள், வருந்துகிறேன் வருந்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். எல்ஸ்பெத்தும் போனாள்.

கடைசியில் நினியன் வந்து ஈரக் கல்லில் மண்டியிட்டார். புது ஆயர் அவரைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தார். குரலைத் தாழ்த்தி மரியாதையாகவே பேசினார்.

“பொய்ச் சாபம் போட்டதற்கு மனம் வருந்துகிறீர்களா?”

“வருந்துகிறேன். சாகிறவரைக்கும் வருந்துவேன்.”

“புறம்பானவளோடு உட்கார்ந்து உண்டதற்கு?”

நினியன் பேசவில்லை. உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புது ஆயர் இன்னும் குனிந்து, காதோடு சொன்னார்: “ஐயா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கா வார்த்தை இல்லை? நான் அதை வருத்தமென்று எடுத்துக்கொள்கிறேன்.”

அப்படிப்பட்ட வார்த்தைகள் அவருக்கு ஏழெட்டுத் தெரியும். ஒவ்வொன்றும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

“இல்லை,” என்றார் நினியன்.

புது ஆயருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். கோல் இறங்கவில்லை. நினியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார், வயதாகிவிட்டது, இரண்டாவது முறைதான் எழ முடிந்தது. மழையில் உப்புக் கொட்டகைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். உள்ளே முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்த எல்ஸ்பெத் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சனங்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

“எங்கே போகிறீர்கள், அம்மா? இப்போதுதானே உள்ளே வந்தீர்கள்?” என்றார் புது ஆயர்.

“தம்பி தனியா சாப்பிடமாட்டான், சாமி,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.